பலகைப் பெட்டிக்குள் ஒன்பது அங்குலம்

கடைக்கு வருகிறவர்கள் முதலில் சொல்வது ஒரே விஷயம்தான். "ஊஃபர் வைக்கணும், ஆனா எடம் இல்லைங்க." வண்டியிலிருந்து இறங்கும்போதே சொல்லிவிடுவார்கள். டிக்கியில் சின்ன வெங்காய மூட்டை ஏற்ற வேண்டும், மாமியார் வீட்டுக்குப் போனால் பை வைக்க வேண்டும், ஸ்டெப்னியை அசைக்கக் கூடாது. இத்தனைக்கும் மேல் நெஞ்சு அதிர்கிற மாதிரி பாட்டும் கேட்க வேண்டும்.

பெரம்பலூரில் துறைமங்கலம் போகிற வழியில் ஒற்றை ஷட்டர் கடை என்னுடையது. கார்களுக்கும் வேன்களுக்கும் டேப்பும் ஸ்பீக்கரும் மாட்டிக்கொடுப்பேன். அரியலூரைத் தனி மாவட்டமாகப் பிரித்து, பிறகு எங்களோடேயே திரும்பச் சேர்த்துவிட்டிருந்த சமயம் அது. சப்வூஃபர் அப்போதுதான் எங்கள் பக்கம் பரவ ஆரம்பித்திருந்தது. பாட்டின் அடிச்சத்தத்தை மட்டும் போடுகிற பெரிய ஸ்பீக்கர். சும்மா வைத்தால் அதில் ஒன்றும் கேட்காது. காற்றுப் புகாத மரப்பெட்டிக்குள் அடைத்தால்தான் அதற்கு உயிர் வரும். பெட்டி சிறுத்துப்போனால் சத்தம் வறண்டுவிடும், பெருத்துப்போனால் ஆள் உட்கார முடியாது. இரண்டுக்கும் நடுவே ஓர் இடம் கண்டுபிடிப்பதில் நான் கொஞ்சம் பேர் வாங்கியிருந்தேன். சீட்டுக்கு அடியில், ஸ்டெப்னியின் வட்டத்துக்குள், பக்கவாட்டுத் தகரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் நடுவில் என்று எங்காவது நுழைத்துவிடுவேன். "இவன்கிட்ட விட்டா தீப்பெட்டிக்குள்ளயும் ஊஃபர் வச்சிருவான்" என்று பழைய பஸ் ஸ்டாண்ட் டாக்ஸிக்காரர் ஒருவர் சொன்னார். அதைப் பெருமையாகப் பல பேரிடம் திரும்பச் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் தெருவில் ஒருவர் பள்ளிக்கூட வேன் ஓட்டினார். சின்ன ஆம்னி வேன். பள்ளிக்கூடம் அரியலூர் ரோட்டில் ஊரைத் தாண்டி இருந்தது. என் மகள் யு.கே.ஜி.யிலிருந்து அதில்தான் போய்வந்தாள். நான் சொல்லுகிற வருஷம் அவள் இரண்டாம் வகுப்பு. பிள்ளைகளுக்கு அவர் வேன் மாமா, எனக்கு அண்ணன். அவர் நல்ல மனிதர் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொன்னால் யாரும் நம்ப மாட்டீர்கள். ஒரு நாள் என் மகள் வேனில் வாந்தி எடுத்துவிட்டாள். அவர் ரோட்டோரக் குழாயில் அவள் சட்டையை அலசி, தன் துண்டை அவளுக்குச் சுற்றி, தூக்கிக்கொண்டு வந்து என் மனைவியிடம் கொடுத்தார். "வையாதம்மா, புள்ளைக்கு ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டுத்தான் போனார்.

ஒரு நாள் பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு நேராகக் கடைக்கு வந்தார். கையில் ஓர் அட்டைப்பெட்டி. லெப்பைக்குடிக்காட்டிலிருந்து வெளிநாடு போய்வருகிறவர்களைத் திருச்சி ஏர்போர்ட்டில் கொண்டுபோய் விடுவதும் அழைத்து வருவதும் அவருடைய இன்னொரு வேலை. அப்படி ஒருவர் பிரியமாகக் கொடுத்தது அந்தப் பெட்டி. உள்ளே எட்டு இஞ்ச் ஊஃபரும் சின்ன ஆம்ப்ளிஃபயரும் இருந்தன.

"பாய் கொடுத்தாரு தம்பி. ஒங்க வண்டில பாட்டு கேட்டா காதுதான் வலிக்குது, இத மாட்டுங்க, இன்ஷா அல்லாஹ் அடுத்த தடவ வரப்ப கேக்குறேன்னாரு. ரெண்டு மாசமா கட்டிலுக்கு அடியில கெடக்கு. மத்த வேன்லாம் டொம்மு டொம்முன்னு போவுது. கல்யாண சவாரியெல்லாம் அவனுங்களுக்குத்தான்."

"எங்கண்ணே வைக்கிறது?"

"அது ஒன் பாடு. புள்ளைங்க காலு வைக்கிற எடம், பை வைக்கிற எடம், சாப்பாட்டுக் கூடை மாட்டுற எடம், எதுலயும் கை வைக்கக் கூடாது. அந்தப் பின்னாடிப் பெட்டிய மட்டும் தொறக்காத. ஸ்டெப்னியும் சாமானும் கெடக்கு."

பின்னாடிப் பெட்டி என்று அவர் சொன்னது, கடைசி சீட்டுக்கும் பின் கதவுக்கும் நடுவே பலகையால் செய்து பொருத்திய ஒரு நீளப் பெட்டி. மூன்றடி அகலம். மேலே சிவப்பு ரெக்ஸின் மெத்தை. சின்னப் பிள்ளைகள் மூன்று பேர் பின் கண்ணாடியைப் பார்த்தபடி அதில் உட்கார்ந்து போவார்கள். என் மகளும் அதில்தான். பின்னால் வரும் சுண்ணாம்புக்கல் லாரி டிரைவர்களுக்கெல்லாம் கையாட்டிக்கொண்டு போவாள்.

அவர் சாப்பிட்டு வருகிறேன் என்று போய்விட்டார். நான் அளவு டேப்பை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் புகுந்தேன். முன் சீட்டைத் தூக்கினால் எஞ்சினும் பேட்டரியும். நடு சீட்டுக்கு அடியில் நான்கு விரல் உயரம்கூட இல்லை. கூரையில் மாட்டலாமா என்று பார்த்தேன், பிள்ளைகள் தலையில் இடிக்கும். அரை மணி நேரம் அப்படியும் இப்படியும் அளந்தேன். மிச்சம் இருந்தது அந்தப் பெட்டி மட்டும்தான். ஸ்டெப்னியை வேறு பக்கம் மாற்றிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன். அவர் தொடாதே என்றது சாமான் கலைந்துவிடும் என்பதற்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான்கு ஸ்க்ரூ. கழற்றி மெத்தையோடு மூடியைத் தூக்கினேன்.

உள்ளே சமையல் கேஸ் சிலிண்டர் படுத்திருந்தது.

சிவப்பு நிறம், வீட்டில் இருக்கிற அதே சிலிண்டர். சாக்கை மடித்து அடியில் கொடுத்து, சைக்கிள் டியூபால் இழுத்துக் கட்டியிருந்தார். ரெகுலேட்டரிலிருந்து கிளம்பிய ரப்பர் குழாய் தரையில் ஒரு துளை வழியாகக் கீழே இறங்கி எஞ்சின் பக்கம் போனது. குழாயின் வாயில் கிளிப்புக்குப் பதிலாகக் கட்டுக்கம்பி முறுக்கியிருந்தது. மூடியைப் பிடித்தபடி நின்றேன். என் மகளின் தலை ரிப்பன் ஒன்று பெட்டியின் விளிம்பில் சிக்கி அறுந்து கிடந்தது.

அந்தச் சமயம் எங்கள் பக்கம் பல வண்டிகள் அப்படித்தான் ஓடின. பெட்ரோல் விற்கிற விலையில் கட்டுப்படியாகாது என்று திருட்டுத்தனமாக சமையல் கேஸில் ஓட்டினார்கள். அது எனக்குத் தெரியாத சங்கதி இல்லை. ஆனால் பிள்ளைகள் உட்காரும் பலகைக்கு அடியில் அதைப் பார்த்தபோது பயந்துவிட்டேன்.

அடுத்து நடந்ததை இத்தனை வருஷத்தில் நான் யாரிடமும் சரியாகச் சொன்னதில்லை. பயம் வந்த அதே நிமிஷத்தில் என் கண் வேறொன்றையும் பார்த்தது. சிலிண்டரின் அடிப்பக்கத்துக்கும் பெட்டியின் சுவருக்கும் நடுவே இடம் காலியாக இருந்தது. கை தானாக டேப்பை வைத்து அளந்தது. ஒன்பது அங்குலம். உயரமும் ஆழமும் பதினாலு, பதினாலு. மனசுக்குள் பெருக்கிப் பார்த்தேன். எட்டு இஞ்ச் ஊஃபருக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி வந்தது. இடம் கிடைத்த சந்தோஷம் எனக்கு வந்தது. அந்தச் சிலிண்டருக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நான் சந்தோஷப்பட்டேன்.

அவர் திரும்பி வந்தார். திறந்த பெட்டியைப் பார்த்ததும் முகம் சுருங்கியது. ரோட்டை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பின் கதவைப் பாதி இறக்கினார்.

"தொறக்காதன்னு சொன்னேன்ல."

"என்னண்ணே இது? புள்ளைங்க உக்காருற எடம்."

"பெரம்பலூர்ல ஓடுற வேன்ல பாதி இப்படித்தான் ஓடுது. ரெண்டு வருஷமா ஓட்டுறேன், ஒரு நாள் எதாச்சும் ஆயிருக்கா? ஒம் பொண்ணும் இதுலதான் வருது. நான் என்ன எமனா?" குரல் தாழ்ந்தது. "பெட்ரோல்ல ஓட்டுனா வண்டிய வித்துட்டுக் கூலிக்குத்தான் போவணும் தம்பி. பொங்கலுக்குள்ள எடுத்துடறேன். கார் கேஸ் டேங்கு, சர்க்கார் சீல் போட்டது, திருச்சில மாட்டுறாங்களாம். அத மாட்டிடறேன். ஒம் மேல சத்தியம்."

நான் அப்போது வண்டியைத் தொடமாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். என் பிள்ளையை அனுப்ப மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நான் கேட்டது வேறு.

"பொங்கலுக்குள்ள உறுதியா எடுத்துருவீங்களா?"

"எடுத்துடறேன்."

"அப்ப இந்த ஓரத்துல எடம் இருக்குண்ணே" என்றேன்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் பள்ளி நேரம் போக மிச்ச நேரத்தில் வேலை செய்தேன். அதுவரை செய்த வேலைகளிலேயே அதுதான் சுத்தமான வேலை. முக்கால் இஞ்ச் பிளைவுட்டில் பெட்டி அடித்து, மூலைக்கு மூலை பசையும் பட்டியும் வைத்து, காற்று ஒழுகாமல் அடைத்தேன். ஊஃபர் பின் கதவைப் பார்த்து இருக்கும்படி பலகையில் வட்டம் அறுத்து, பிள்ளைகளின் கால் படாமல் இரும்பு வலை போட்டேன். சிலிண்டருக்கும் ஊஃபர் பெட்டிக்கும் நடுவே இன்னொரு பலகையைத் தடுப்பாக நிறுத்தினேன். பேட்டரியிலிருந்து வரும் ஒயரில் ஃப்யூஸ் வைத்து, கேஸ் குழாய் போகாத பக்கமாக இழுத்தேன். கட்டுக்கம்பியை எடுத்துவிட்டு, குழாய் வாயில் புது கிளிப் போட்டு நானே இறுக்கினேன். சோப்பு நுரை தடவிப் பார்த்தேன். ஒரு குமிழ்கூட வரவில்லை. இவ்வளவும் செய்ததால் வண்டி முன்னைவிடப் பத்திரமாகத்தான் இருக்கிறது என்று நம்பினேன். நம்புவது சௌகரியமாக இருந்தது.

வேலை முடிந்து பாட்டைப் போட்டதும் முன் கண்ணாடி நடுங்கியது. நம்பர் பிளேட் கிடுகிடுவென்று ஆடியது. அவர் சின்னப் பையன் மாதிரி சிரித்தார். சாவி போடாமலும் பாட வேண்டும், சவாரிக்குக் காத்திருக்கும்போது கேட்கலாம் என்றார். அதையும் நேராக பேட்டரியிலிருந்து இழுத்துக் கொடுத்தேன். சத்தத்தைக் கூட்டியபோது பெட்டிக்குள்ளிருந்து மெலிதாக ஏதோ கிணுகிணுத்தது. இரும்பும் இரும்பும் உரசுகிற சத்தம். திறந்து பார்த்து, சிலிண்டரின் கைப்பிடி வளையத்துக்குக் கீழே ரப்பர் துண்டு ஒன்றைச் செருகினேன். கிணுகிணுப்பு நின்றது.

ஊஃபர் வைத்த வண்டிகள் ஒரு மாதத்தில் என் கடைக்குத் திரும்பி வரும். கதவுக் கைப்பிடி ஆடுது, டேஷ்போர்டு கொடகொடங்குது என்பார்கள். அடிச்சத்தம் எந்த ஸ்க்ரூவையும் சும்மா விடாது. ஒரு நாளைக்கு ஒரு மயிரிழை என்று அவிழ்த்துக்கொண்டே இருக்கும். அந்த வண்டிகளின் ஸ்க்ரூக்களை முறுக்கி முறுக்கித்தான் பாதி நாள் என் பிழைப்பு ஓடியது. தெரிந்தேதான் செய்தேன்.

அன்று சாயங்காலம் மகளிடம், "நாளையிலேர்ந்து பின்னாடி உக்காராத. முன்னாடி சீட்டுல உக்காரு" என்றேன்.

"ஏம்ப்பா? அங்க பெரிய அக்காங்க உக்காருவாங்க."

"அப்பா சொல்றேன்ல. அப்பா சொன்னாருன்னு மாமாகிட்ட சொல்லு."

அவர் அவளுக்கு முன்னால் இடம் கொடுத்தார். அவள் இருந்த இடத்துக்கு எதிர்வீட்டுப் பிள்ளை போனாள். என் மகளோடு படிக்கிறவள், என்னை மாமா என்று கூப்பிடுகிறவள். அது எனக்குத் தெரியும். தினமும் காலையில் அவள் பின்கண்ணாடி வழியாக எனக்குக் கையாட்டினாள். நானும் ஆட்டினேன். மனைவியிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் அவள் அப்போதே எதிர்வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடுவாள்.

அதற்குப் பிறகு வேன் வருவதற்கு முன்னால் அதன் சத்தம் வந்தது. எங்கள் தெருமுனையில் திரும்பும்போதே அடுக்களையில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசும். மனைவி, "வேன் வந்துருச்சு" என்று டிபன் பாக்ஸை மூடுவாள். சாயங்காலம் நாலரைக்குக் கடையில் எந்த வேலையில் இருந்தாலும் காது ரோட்டில் இருக்கும். அரியலூர் ரோட்டிலிருந்து சிமெண்ட் லாரி ஒன்று பிரேக் போட்டால்கூட எழுந்து நிற்பேன். டொம்மு டொம்மு என்று அது கடையைத் தாண்டிப் போனதும்தான் உட்காருவேன். தெருவில் எல்லாருக்கும் அந்தச் சத்தம் பிடித்திருந்தது.

பொங்கல் வந்தது, போனது. "டேங்கு ஆர்டர் கொடுத்துருக்கேன் தம்பி" என்றார். மாசி மாதம் கேட்டபோது, "பரிச்சை முடியட்டும், லீவுல மாட்டிக்கலாம்" என்றார். ஒருமுறை கிளிப்பைப் பார்க்க வேண்டும், வண்டியைக் கடைக்குக் கொண்டுவாருங்கள் என்றேன். வருகிறேன் என்றவர் வரவில்லை. நானும் போய் நிற்கவில்லை. கேட்டுவிட்டோம் என்பதே போதும் போல எனக்கு இருந்தது.

ஒரு சாயங்காலம் மகள் பையைக் கீழே போட்டுவிட்டுத் தலைவலி என்று படுத்துக்கொண்டாள். தைலம் தடவிக்கொண்டே, "வெயில்ல விளையாண்டியா?" என்று கேட்டேன்.

"இல்லப்பா. வேன்ல ஒரே நாத்தம். அம்மா கேஸு தெறக்கும்போது வருமே, அந்த மாதிரி."

தைலத்தைக் கீழே வைத்தேன். "முன்னாடி உக்காந்தா எப்படி நாத்தம் தெரியும்?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு சொன்னாள். "ஸ்கூல்லேர்ந்து வரப்பல்லாம் நான் பின்னாடிதாம்ப்பா உக்காருறேன். ரொம்ப நாளா. அந்தப் பெட்டி மேல உக்காந்தா பாட்டு போடும்போது ஒடம்பெல்லாம் குறுகுறுங்கும். எல்லாரும் அந்த எடத்துக்குத்தான் சண்ட போடுவாங்க. மாமா ஒரு நாளைக்கு மூணு பேருன்னு மொறை வச்சிருக்காரு."

அந்த வேனில் பிள்ளைகள் அடித்துப்பிடித்து உட்காரும் இடமாக அதை ஆக்கியிருந்தது நான்தான்.

உடனே அவர் வீட்டுக்கு ஓடினேன். வேன் இல்லை. அவர் மனைவி முறுக்குப் பிழிந்துகொண்டிருந்தார். "திருச்சி ஏர்போர்ட்டு சவாரி. வெடியக்காலம் வந்து அப்படியே ஸ்கூல் டிரிப்புக்கு எடுத்துடுவாரு. என்ன வெசயம்?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

காலையில் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். மகளை உள்ளேயே இருக்கச் சொன்னேன். டம்ளர் உரசியது. வேன் தெருவுக்குள் திரும்பி எங்கள் வீட்டுக்கு முன்னால் வந்து நின்றது. எஞ்சினை நிறுத்திவிட்டு அவர் ஹாரன் அடிக்கக் கையைக் கொண்டுபோனார். உள்ளே ஏழெட்டுப் பிள்ளைகள். எதிர்வீட்டுப் பிள்ளையும் அவள் அம்மாவும் பையோடு எதிரே நின்றார்கள். நான் பின்பக்கம் போய்க் கதவைத் தூக்கினேன்.

வாசம் முகத்தில் அடித்தது. பெட்டியின் மேல் மூன்று பிள்ளைகள் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. காலடியில் ஊஃபர் டொம்மு டொம்மென்று அடித்துக்கொண்டிருந்தது.

"அண்ணே, ஹாரன் அடிக்காதீங்க! கைய எடுங்க!"

அவர் திரும்பினார். "என்ன தம்பி, காலங்காத்தால..." டேப்பை அணைக்கக் கை நீண்டது.

"எதையும் தொடாதீங்க. ஆஃப்கூட பண்ணாதீங்க. சாவிய அப்படியே விட்டுட்டு எறங்குங்க."

கேஸ் தரையோடு தேங்கி நிற்கும். அதில் ஒரு சுவிட்சைத் தட்டினால் வரும் பொறியே போதும். ஓடுகிறது ஓடட்டும், புதிதாக எதையும் தட்டக் கூடாது என்பது மட்டும்தான் எனக்குத் தோன்றியது. அவருக்கும் அந்த வாசம் அப்போது தெரிந்திருக்க வேண்டும். மெதுவாகக் கையை இழுத்துக்கொண்டு இறங்கி, பக்கக் கதவைத் தள்ளித் திறந்தார்.

பின்னால் இருந்த மூன்று பேரையும் ஒவ்வொருவராக அக்குளில் கை கொடுத்துத் தூக்கி இறக்கினேன். ஒரு பையன், "என் பை மாமா, பை" என்றான். "பை அப்புறம்." அவர் முன்னாலிருந்த பிள்ளைகளை இறக்கி எங்கள் வீட்டு வாசலுக்குள் தள்ளினார். ஒரு பெண் குழந்தையின் செருப்பு உள்ளே விழுந்துவிட்டது. அதற்கு அவள் அழ ஆரம்பித்தாள். எல்லாரும் இறங்கிவிட்டார்களா என்று நான் மூன்று முறை எண்ணினேன்.

பிறகு நானும் அவரும் வேனைத் தெருக்கடைசியில் இருந்த காலி மனைக்குத் தள்ளிக்கொண்டு போனோம். எல்லாக் கதவும் திறந்து கிடந்தது. பாட்டு நிற்கவில்லை. தள்ளுகிற கை வழியாக அந்த அடி தோளுக்குள் இறங்கியது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. காலி மனையில் கருவேலம் புதர் ஓரமாக நிறுத்திவிட்டு ஓடிவந்து தூரத்தில் நின்றோம். கேசட்டின் ஒரு பக்கம் முடிந்தது. டக்கென்று அமைதி. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அது தானாகவே மறுபக்கத்துக்கு மாறி அடுத்த பாட்டைத் தொடங்கியது.

காற்று நன்றாக அடித்தது. அரை மணி நேரம் கழித்து நான் மட்டும் போனேன். நான்கு ஸ்க்ரூவையும் பொறி வராமல் ஈரத்துணி சுற்றிய ஸ்க்ரூ டிரைவரால் ஒவ்வொன்றாகக் கழற்றினேன். மூடியைத் தூக்கி, ரெகுலேட்டரை மூடிய பிறகுதான் பார்த்தேன். கட்டுக்கம்பிக்குப் பதிலாக நான் போட்ட புது கிளிப் தளர்ந்து, குழாயின் மேல் வளையல் மாதிரி சுழன்றது. அதன் ஸ்க்ரூ பாதிக்கு மேல் வெளியே வந்திருந்தது. குழாய் ஒரு நக அளவு நழுவியிருந்தது. ஊஃபர் அடிக்கும் ஒவ்வோர் அடிக்கும் அது இன்னும் கொஞ்சம் நடுங்கிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்தபோது தெருவில் கூட்டம், அதற்குள் எல்லாருக்கும் விஷயம் தெரிந்திருந்தது. எதிர்வீட்டுப் பிள்ளையின் அம்மா வேன்காரர் எதிரில் நின்றிருந்தார்.

"ஏண்ணே, புள்ளைங்க உக்காருற பெட்டிக்குள்ள சிலிண்டரா? மனுசங்களா நீங்க?"

இன்னொரு தாய் அழுதுகொண்டே திட்டினாள். யாரோ அவர் சட்டையைப் பிடித்தார்கள். அவர் பொறுத்துக்கொண்டுதான் நின்றார். யாரோ என் தோளைத் தட்டி, "நல்ல வேள நீங்க பாத்தீங்க" என்றார்கள். அதைக் கேட்டதும்தான் வேன்காரர் நிமிர்ந்தார்.

"இவனுக்குத் தெரியாதா? இவன கேளுங்க. அந்தப் பெட்டிய தொறந்து சிலிண்டருக்குப் பக்கத்துல ஊஃபர் வச்சதே இவன்தான். தன் பொண்ண மட்டும் முன்னாடி உக்கார வைக்கச் சொல்லிட்டான். கேளுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். இல்லை என்று சொல்லத்தான் வாய் போனது. அப்போது என் மகள் வாசலிலிருந்து, "ஆமா, அப்பாதான் முன்னாடி உக்காருன்னு சொன்னாரு. நான்தான் கேக்கல" என்றாள். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் சொன்னாள்.

எதிர்வீட்டம்மா தன் பிள்ளையின் தலையை வயிற்றோடு சேர்த்து அழுத்திக்கொண்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். என் மனைவி பிள்ளைகள் எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பிள்ளை போன பிறகு சொம்பைக் கீழே வைத்தாள்.

"எத்தன மாசமாத் தெரியும்?" என்று கேட்டாள்.

"அஞ்சு."

"தெனமும் நான்தானே தூக்கி உள்ள உக்கார வச்சேன்" என்றாள். அதற்குப் பிறகு அவள் பேசினாள், சமைத்தாள், சிரிக்கவும் செய்தாள். ஆனால் நான் ஒன்றைப் பத்திரம் என்று சொன்னால் அவள் தானே போய் ஒரு தடவை பார்ப்பாள். கேஸ் அடுப்பு, மின்சார ஒயர், மாடிப்படிக் கைப்பிடி, எதுவானாலும். இன்றுவரை அப்படித்தான்.

அந்தப் பள்ளிச் சவாரி வேன்காரர் கையைவிட்டுப் போய்விட்டது. இரண்டு மாதத்தில் குடும்பத்தோடு பாடாலூர் பக்கம் போய்விட்டார். வேனைத் தா.பழூரில் ஒரு நெல் வியாபாரிக்கு விற்றுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். சிலிண்டரும் அதோடு போயிருக்குமோ என்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து, ஜெயங்கொண்டம் போய், அங்கிருந்து இன்னொரு பஸ்ஸில் தா.பழூர் போனேன். விசாரித்து விசாரித்து வியாபாரியின் களத்தைக் கண்டுபிடித்தேன். வேன் வேப்பமரத்தடியில் நின்றிருந்தது. பின்னால் நெல் மூட்டை ஏற்றியிருந்தார்கள். பிள்ளைகள் உட்கார்ந்த பெட்டி அப்படியே இருந்தது, ரெக்ஸின் மட்டும் கிழிந்திருந்தது.

நான் யார், எதற்கு வந்தேன் என்று முழுவதும் சொன்னேன். முதல் தடவையாக எதையும் விடாமல் சொன்னேன். வியாபாரி பீடியைக் கீழே போட்டு மிதித்துவிட்டு, ஆட்களைக் கூப்பிட்டு மூட்டைகளை இறக்கச் சொன்னார். பெட்டியைத் திறந்தோம். ஊஃபர் இருந்தது. சிலிண்டர் இல்லை. அது படுத்திருந்த இடத்தில் தகரத்தில் துரு மட்டும் இருந்தது. தரைத் துளையில் பழந்துணியை அடைத்திருந்தார்கள்.

"வாங்குறப்பவே இல்லீங்க. பெட்ரோல்லதான் ஓடுது" என்றார் வியாபாரி. "ஊஃபரு வேணும்னா கழட்டிக்கிட்டுப் போங்க. எனக்கு அந்த எடத்துல தராசு வைக்கலாம்."

ஊஃபரைக் கழற்றி அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன். திரும்புகிற பஸ்ஸில் அரியலூர் தாண்டுகிறவரை மனசு லேசாக இருந்தது. அதன் பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. அவர் சிலிண்டரைக் கழற்றி எங்கே கொண்டுபோனார்?

அடுத்த வாரம் பாடாலூரில் இறங்கினேன். ஹைவே ஓரத்தில் ஒரு டீக்கடையில் இருந்தார். இளைத்திருந்தார். வெளியே வேறொரு வேன் நின்றது, பழையது, பச்சை நிறம். பக்கத்து ஊர்ப் பிள்ளைகளைப் பாடாலூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு ஏற்றிப்போவதாக டீக்கடைக்காரர் சொன்னார். நான் அவர் எதிரில் போய் நின்றேன்.

"அண்ணே, அந்தச் சிலிண்டர் எங்கண்ணே?"

அவர் டீயை முழுவதும் குடித்தார். டம்ளரைக் கழுவி வைத்தார்.

"எங்க வூட்டு அடுப்புல இருக்கு. அது வூட்டு சிலிண்டர்தானே? வந்து பாக்குறியா?"

"பாக்குறேன்."

"ஒனக்கு எதுக்கு? ஒம் பொண்ணு இதுல வரலயே" என்று சொல்லிவிட்டு வேனில் ஏறினார்.

நான் பின்பக்கம் ஓடினேன். கண்ணாடியில் கறுப்புத்தாள் ஒட்டியிருந்தது. கையை நெற்றியில் வைத்து உள்ளே பார்த்தேன். கடைசி சீட்டுக்குப் பின்னால் உயரமாக ஏதோ இருந்தது. அதன் மேல் கம்பளி விரித்திருந்தது. மேற்கொண்டு பார்ப்பதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. மறுநாள் காலையிலேயே அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போய் ஹெட்மாஸ்டரிடம் சொன்னேன். வண்டியைச் சோதனை போடுகிறோம் என்றார். சோதித்தார்களா, உள்ளே என்ன இருந்தது என்று கேட்க மூன்று தடவை போனேன். மூன்றாவது தடவை வாட்ச்மேன், நீங்கள் இங்கே எந்தப் பிள்ளைக்கு அப்பா என்று கேட்டார். யாருக்கும் இல்லை என்று சொன்னேன். கேட்டைச் சாத்திவிட்டார்.